விட்ட மீனின் எடை

விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் கேட்டிருந்தார்கள்:
வலைக்கண்ணைப் பெரிதாக்கியதால்
தப்பிய குஞ்சுகளின் எடை எவ்வளவு?
கிலோவில். ஆதாரத்துடன்.

சோணாங்குப்பத்திலிருந்து உப்பனாற்றைத் தாண்டி
முதுநகர்க் கணினி மையத்தில் வந்து உட்கார்ந்த
எங்கள் நாலு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
பிடித்ததற்குத்தான் தராசு.
ஏலம் கூவுகிறவர்
கூடைக்குள் கிடப்பதைத்தான் கூவுவார்.
போனதை யார் நிறுத்தது?

"காலியா விட்டா அடுத்த பக்கம் திறக்காதுக்கா"
என்றான் ரியாஸ்.
சுழியம் போட்டோம்.
சிவப்பு எழுத்தில் திட்டியது.

பூங்காவனம்தான் ஆரம்பித்தாள்.
பழைய வலையில் ஒரு நாளைக்கு இரண்டு கிலோவாவது
விரல் நீளச் சங்கரா ஏறும்,
குழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது,
கோழித்தீவன லாரிக்காரன்
கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு அள்ளிப்போவான்.
அந்த இரண்டு கிலோ இப்போது வருவதில்லை.
பதினாறு படகு.
நூற்று எண்பது நாள்.
ரியாஸ் தட்டிப் பார்த்துச் சொன்னான்:
ஐயாயிரத்து எழுநூற்று அறுபது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
அவ்வளவு மீனா
நம் கைக்குத் தப்பி அங்கே வளர்கிறது
என்று தனகோடி கேட்டாள்,
யாரோ பணத்தைத் தொலைத்த மாதிரி.

ஆதாரத்துக்கு என் கையைப் படம் எடுத்தோம்:
ஒரு கண்ணுக்குள் இரண்டு விரல், மோதிரத்தோடு.
மோதிரம் பூங்காவனத்துடையது.
என்னுடையது வங்கியில் இருக்கிறது.

'நிலைத்த மீன்வளம்' என்றால் என்ன?
உங்கள் சொற்களில், நூற்றைம்பது சொற்களுக்குள்.
நான் சொன்னேன்:
அடுத்த வருசமும் மீன் இருக்கணும்.
அதற்கடுத்த வருசமும்.
ரியாஸ் அதை நல்ல தமிழாக்கிப் படித்துக் காட்டினான்.
வேறு ஊர்க்காரர் யாரோ
எங்களுக்காக இரக்கப்பட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது.
அழித்துவிட்டு நான் சொன்னதையே போடச் சொன்னேன்.
நூற்று நாற்பத்து நாலு சொல் மிச்சம்.

ஐந்து மணிக்குக் கடைசி.
நாலு இருபதுக்குச் 'சமர்ப்பி'யை அழுத்தினால்
ஓடிபி போனது தேசிங்கின் போனுக்கு.
சங்கம் பதிந்த அன்றைக்கு
எங்களில் யாரிடமும் போன் இல்லை.
தேசிங்கோ கோபுரம் எட்டாத தூரத்தில்
வலை விட்டுக் காத்துக்கிடக்கிறார்.

குப்பத்துக்குப் பேசி
வயர்லெஸ்ஸில் கத்தச் சொன்னோம்.
என்ன கத்தினார்களோ,
யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து
வலையை அவசரமாக வாரிக்கொண்டு
கரையைப் பார்த்துத் திருப்பியிருக்கிறார்.
தெண்டி நீரோட்டம் வேறு எதிர்த்து இழுத்திருக்கிறது.

நாலு ஐம்பத்து மூன்று.
போனில் முதலில் கேட்டது இன்ஜின்.
அப்புறம் வசவு.
அப்புறம்தான் எண்கள்.
"ஆறா, நூறா?"
"ஓடிபியில ஏதுடி நூறு!"
மறுபடி அனுப்பச் சொல்லி, மறுபடி கேட்டு,
ஆறு எண்ணும் கட்டத்துக்குள் விழுந்தபோது
தனகோடி என் தோளைக் கிள்ளியிருக்கிறாள்,
இரவு வீட்டுக்குப் போய்த்தான் வலித்தது.

திரையில் வந்தது இவ்வளவுதான்:
பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது.

தேசிங்கு அரைக் கூடையோடு கரையேறினார்.
"இன்னும் ஒரு மணி நேரம் கிடந்திருந்தா
கானாங்கெளுத்தி பட்டிருக்கும்,
தண்ணி நிறம் மாறிக்கிட்டு வந்துச்சு" என்றார்.
பணம் கிடைக்குமா என்று கேட்கவில்லை.
யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே
என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

ராத்திரி சங்க நோட்டில் செலவு எழுதினேன்.
தோணிக்கூலி எண்பது.
பிரதி எடுத்தது நாற்பத்தைந்து.
ரியாஸுக்கு நூறு, வாங்க மறுத்து, வாங்கினான்.
தேசிங்கு விட்டுவிட்டு வந்த பாடு

அந்த வரியில் பேனா நின்றது.
ரியாஸின் கணினி மாதிரி இல்லை இந்த நோட்டு.
காலியாக விட்டேன்.
அடுத்த பக்கம் திறந்தது.