அடகுப் பிரிவு

சுன்னாகம் கிளையில் அடகுப் பிரிவு எனக்கு.
நாலரைக்குப் பிறகு நான் அயோவாவில்.

முப்பத்து மூன்றாம் ஆண்டு, ஒக்டோபர்,
சோளக்காட்டு நடுவே ஓர் ஊர், ஒற்றை வங்கி.
கொள்ளையன் ஹார்லன் க்விலின் தொப்பி அளவுகூடத் தெரியும்,
ஏழேகால்.
கார் ஓட்டினவனின் காதலி பெயர், அவள் நாயின் பெயர்.
காசாளரின் பெயர்தான் ஒரு புத்தகத்திலும் இல்லை.
‘ஒரு பெண் ஊழியர்.’

ஒரு நிமிடம் விடாமல் சுட்டானாம்.
பிழை. ஐம்பது குண்டு ஐந்து விநாடிக்கு மேல் தாங்காது.
இதற்கு எனக்கு அடிக்குறிப்பு வேண்டாம்,
பத்து வயதில் பங்கருக்குள் எண்ணிப் பழகினது.

அங்குள்ள நீதிமன்றத்துக்கு எழுதினேன். ஏழு மாதம்.
நேற்று வந்தது வாக்குமூலம்:
எட்னா வொஸ்பர்க், வயது இருபத்தாறு.
“தரையில் கிடந்தேன். முகம் பார்க்கவில்லை.
சப்பாத்துத்தான் தெரிந்தது,
இடது காலுக்குப் புது அடி போட்டிருந்தான்.”
ஈட்டுப் பத்திரங்களை எரித்தானாமே?
“இல்லை ஐயா. அவை பெட்டகத்திலேயே கிடந்தன.
வெள்ளிக்கிழமை ஏல அறிவித்தலைத் தட்டச்சினது நான்தான்.”

எரித்தான் என்றுதான்
இரண்டாம் அத்தியாயத்தில் எழுதிவைத்திருந்தேன்,
நெருப்பின் நிறத்தோடு. நல்லாய் வந்திருந்தது.
அழித்தேன்.

இன்று காலை முகாமையாளர் பட்டியலை வைத்துவிட்டுப் போனார்:
மீட்கப்படாத நகை, முப்பத்தொன்பது பொதி.
பதினேழாவது, காப்பு ஒரு சோடி, குழந்தையுடையது,
ஒன்றில் பல் பதிந்த நெளிவு.

தட்டச்சிக்கொண்டிருக்கையில்
கண்ணாடிக்கு அப்பால் யாரோ வந்து நின்றார்கள்.
முகம் பார்க்கவில்லை.
நாலாய் மடித்த அடகுத் துண்டுதான் தெரிந்தது.