காற்றுக்குக் கீழே

வண்டியை மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் விட்டேன்.
கதவை அறையவில்லை,
தூங்கும் வீட்டிலிருந்து நழுவுகிறவளைப் போல
இடுப்பால் அழுத்திச் சாத்தினேன்.

பிப்ரவரி, மொன்டானா, மைனஸ் பத்தொன்பது.
கையுறையில் ஒரு நூலைப் பிய்த்து விட்டேன்,
தென்கிழக்கே போயிற்று.
நல்லது. முகத்தில் காற்று, முதுகில் சூரியன்.

உச்சியில் உட்காரக் கூடாது,
வானத்தில் ஒட்டிய தலையைக்
குருட்டுக் கயோட்டிகூட எண்ணிவிடும்.
பத்தடி இறங்கி
சேஜ் புதர் ஒன்றில் முதுகைக் கொடுத்தேன்.
இந்த மாதம் மட்டும் இரண்டு கன்றுகள் போயிருக்கின்றன,
ஒன்றுக்கு ஈரம்கூடக் காயவில்லை.

முதலில் மெல்ல.
பக்கத்துப் புதரிலேயே ஒன்று படுத்திருந்தால்
உரத்த ஊதல் அதை விரட்டிவிடும்.
பிறகு முழு மூச்சில்:
கழுகின் நகத்தில் மாட்டிய முயல்.
ஒரு முயல் சாக எவ்வளவு நேரமாகுமோ
அவ்வளவு ஊதினால் போதும்.
அதற்குமேல் நாடகம்.

பிறகு மூக்கு சொட்டினாலும் துடைக்காமல்
இருத்தல்.

நான்காம் நிமிடம்
ஓடைக்கு அக்கரையில்
இன்னொரு முயல் செத்தது.

அலறி அலறிக் கடைசியில் 'ஸ்ஸ்' என்று காற்றுக் கசிந்தது.
முன்பல் இல்லாத முயல்.
டெல்மர் ஸ்கோக்லண்ட்.

பாதிப் பாதி போட்டு நாங்கள் வாங்கிய
வைக்கோல் கட்டும் இயந்திரம்
யார் கொட்டகையில் நிற்பது என்று தொடங்கி,
மூன்று குளிர்காலமாய்
தபால் பெட்டிக்குப் போனாலும்
அவன் பக்கம் திரும்பாமல் வருகிறேன்.
(நிற்பது என் கொட்டகையில். அது வேறு.)

எழுந்து கையை ஆட்டியிருக்கலாம்.
எழுந்தால் வேட்டை கெடும் என்று
எனக்கே சொல்லிக்கொண்டு
துப்பாக்கியின் பூட்டைப் போட்டேன்,
குழலை வாயில் வைத்தேன்.

நான் செத்தேன்.
அவன் செத்தான்.
என் ஊதலின் முடிவில் எப்போதும் ஒரு இருமல் வரும்,
அது அவனுக்குத் தெரியும்.
சற்று நின்று, மறுபடி செத்தான்,
இந்த முறை நீட்டி முழக்கி.
இயந்திரத்தைப் பற்றித்தான் என்று தோன்றியது.
நானும் விடவில்லை.

ஒரே இடத்தில் இருபது நிமிடம் போதும் என்பது கணக்கு.
ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.
உதடு வெடித்து
குழலில் ரத்தம் உறைந்திருந்தது.
வெள்ளைச் சமவெளியில் எதுவும் அசையவில்லை.

திரும்பும்போது பார்த்தேன்:
என் முதுகுக்குப் பின்னால், காற்றுக்குக் கீழே,
நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காத பக்கம்,
முப்பதடியில்,
பனியில் ஒரு கிண்ணம்.
உட்கார்ந்த சூட்டில் விளிம்பு உருகி
மறுபடி உறைந்திருந்தது.
உள்ளே நான்கைந்து பழுப்பு மயிர்.
வெகுநேரம் கேட்டிருக்கிறது.

போன தடத்தில் ஓட்டமில்லை, நடைதான்.
ஓடையைத் தாண்டி
நேராக டெல்மர் பக்கம்,
அவன் தரப்பையும் கேட்க.

வண்டியில் ஏறி
கதவை ஓங்கி அறைந்தேன்,
அக்கரைக்குக் கேட்கட்டும் என்று.