பதினைந்தே முக்கால்

ஹூஸ்டனிலிருந்து எண்பது பீப்பாய் எந்திர எண்ணெய்,
ஹம்பேர்க் துறைமுகத்தில் எங்கள் ஏழாம் இலக்கச் சாலைக்கு.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் வெள்ளை மையில்
55 கலன்.

எங்கள் கணினிக்கு லீற்றர் மட்டும்தான் தெரியும்,
அதுவும் முழு எண்ணாய்.
புள்ளி வைத்தால் சிவப்பில் ஒரு வரி வரும்,
மிக மரியாதையான ஜேர்மனில்.

பெருக்கிப் பார்த்தேன்.
இருநூற்றெட்டு லீற்றர்,
பிறகு ஒரு புள்ளி,
பிறகு ஒன்று, ஒன்பது, ஏழு:
ஒரு தேத்தண்ணிக் கோப்பை.
கோப்பையை விட்டுவிட்டு
இருநூற்றெட்டு என்று அடித்தேன்.
பெட்டி பச்சையானது.

புதன்கிழமை கணக்காய்வில் இருந்து
திருமதி டெட்லெஃப்ஸன் கூப்பிட்டாள்.
"அவர்கள் தாளில் இருக்கிற
பதினைந்தே முக்கால் லீற்றர்
உங்கள் தாளில் இல்லையே?"
கொஞ்சம் நிறுத்தி,
"அது அமெரிக்கக் கலன்தானே,
இங்கிலாந்துக் கலன் இல்லையே?"
இங்கிலாந்துக் கலன் என்றால் இருநூற்றைம்பது லீற்றர், அம்மா,
பீப்பாய் எப்போதோ வெடித்திருக்கும்
என்று சொல்லவில்லை.
"பார்க்கிறேன்" என்றேன்.

களவு போகவில்லை. ஒழுகவில்லை.
தரையில் ஒரு சொட்டுக் கறை இல்லை.
எண்பது கோப்பையையும் கொட்டியது
என் சுட்டுவிரல்.

ஹௌக்கே திருகுசாவியோடு வந்து
ஒரு மூடியைத் திறந்தான்.
அளவுகோலை விட்டு எடுத்தான்,
துடைத்தான், மறுபடி விட்டான்.
கோட்டுக்கு ஒரு விரல் கீழே.
"அங்கே வெயிலில் நிரப்பியிருப்பார்கள்,
இங்கே மூன்று பாகை.
பீப்பாய்க்கு நாலரை லீற்றர்
குளிரில் ஒடுங்கிப் போச்சு."
கையுறையால் பீப்பாயின் கன்னத்தைத் தட்டினான்,
அது குழி விழுந்திருந்தது.

நாலரை லீற்றரை யாரும் கேட்கவில்லை.
அது எந்தத் தாளிலும் இல்லை.

காரணம் என்ற கட்டத்தில்
'முழுமையாக்கல்' என்று எழுதினேன்.
கீழே என் பெயரைக் கணினியே போட்டது:
சிவபாக்கியல.
பதினாறு எழுத்துக்கு மேல் அதற்கு இடமில்லை.
சம்பளச் சீட்டிலும் அப்படித்தான்,
கதவட்டையிலும் அப்படித்தான்,
பதினொரு வருடமாய்.
ஹௌக்கேக்கு அதுவே நீளம்,
'சிவ' என்கிறான்.

விளக்கை அணைத்துவிட்டு
கதவைப் பூட்டும்போது நினைத்தேன்,
'ட்சுமி' இந்நேரம் எங்கே நிற்பாள்?
எல்பே ஆற்றின் இருட்டில்,
கையில் ஒரு வாளியோடு,
பதினைந்தே முக்கால் லீற்றர் எண்ணெய்
தளும்பாமல்.