ரெண்டுல எது இங்கிருந்து போனது

பீளமேட்டு விமான நிலையம், மணி நாலே கால்.
சார்ஜாவிலிருந்து இறங்கினவர்கள்
பெட்டி சுற்றிவரும் பட்டையிலிருந்து கண்ணெடுக்காமல் நிற்கிறார்கள்,
அடுத்த பந்திக்கு நிற்பதுபோல.

என் பையை ஸ்கேன் மிஷின் விழுங்கித் துப்பியது.
துப்பினதில் சாக்பீஸ் குறி.
"இப்படி வாங்கம்மா."

மேசைமேல் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தேன்.
துணியில் சாயம் பார்க்கும் குட்டி விளக்கு.
நாலு நாட்டுப் பிளக்கோடு ஒட்டுப்போட்ட ஒயர்கள்.
காதில் செருகிப் பாட்டுக் கேட்பது, ஒரு பக்கம் மட்டும்;
மற்றது அலெக்ஸாண்டிரியா டிராமில் தொலைந்தது.
தங்கச்சி மகனுக்குக் கைக்கடிகாரம்,
நடையை எண்ணுமாம்; அவன் நடக்கிற ஆளில்லை.
பிறகு லேப்டாப்.
பிறகு இன்னொரு லேப்டாப்.

அங்கேதான் அந்தம்மா பேனாவை மூடினாள்.
சட்டையில் ஜெபக்கனி என்று பெயர்,
பேச்சில் நாகர்கோவில்.
"ஆளுக்கு ஒண்ணுக்குத்தான் வரி கிடையாது.
ரெண்டுல எது இங்கிருந்து போனது?"

"பழசுங்க. பதினோரு மாசம் முன்னாடி
இதே வாசல்லதான் கொண்டு போனனுங்க."
"போகும்போது சீட்டு வாங்கினீங்களா?"

வாங்கச் சொல்லித்தான் இருந்தான்
திருப்பூர் டிராவல்ஸ் பையன்:
'நம்பரைக் காட்டிச் சீட்டு வாங்கிக்கோங்கக்கா,
இல்லாட்டி திரும்பறப்ப
உங்க பொருளை நீங்களே வெளிநாட்டுல வாங்குனாப்பல ஆயிப்போகும்.'
அன்றைக்கு அந்த நாற்காலியில் ஆள் இல்லை.
டீ குடிக்கப் போயிருந்தார்கள்.
எனக்கும் அழாமல் நிற்கிற வேலை இருந்தது.

பில் போனில் இருக்கிறது. போன் செத்திருந்தது.
ஜெபக்கனி தன் மேசைக்கடியிலிருந்து
சார்ஜரை உருவி நீட்டினாள், ஒன்றும் பேசாமல்.

ரெண்டு சதவீதத்தில் உயிர் வந்ததும்
வீடு மொத்தமும் உள்ளே கொட்டியது:
எறங்கிட்டயா.
கருமத்தம்பட்டிகிட்ட ரோடு வேலை, சுத்தி வரச் சொல்லு.
நல்ல தண்ணி வந்து ஒம்பது நாளாச்சு.
பாப்பாவுக்கு வாங்கிட்டயா? நெசமாலுமா?
பில் மட்டும் வரவில்லை.

பழசைக் கவிழ்த்துத் தட்டினேன்.
எழுத்துக்களின் சந்திலிருந்து பனியன் பஞ்சு உதிர்ந்தது,
வெள்ளை, மெலாஞ்ச் சாம்பல், கொஞ்சம் நேவி புளூ.
"பாருங்க, திருப்பூர்ப் பஞ்சுங்க."
"எகிப்துலயும் பஞ்சுதானே" என்றாள்.
உண்மைதான். அதைத்தான் பதினோரு மாதம் சாயத்தில் முக்கினேன்.
எது எந்த ஊர்ப் பஞ்சு என்று
இனி என்னாலேயே பிரிக்க முடியாது.

அவள்தான் கண்டாள்.
மூடியின் கீல் இடுக்கில், நகம் போகாத இடத்தில்
ஒரு சிவப்பு.
"இது என்ன, துருவா?"

கிட்டத்தில் பார்த்தேன். குங்குமம்.
அடியில் காய்ந்து வெடித்த சந்தனம்.
ஆயுதபூஜைக்கு லேபில்
தராசு, பைப்பெட், சாயச் சட்டி, வாட்ச்மேன் சைக்கிள் என்று
வரிசையாய் வைத்துக்கொண்டே வந்தது;
ரங்கநாயகியக்கா விரல் தடிமன், எதற்கும் ஒரு சுற்றுக் கூடத்தான் வைப்பார்.
துடைத்துத் துடைத்து மிஞ்சினது.

ஜெபக்கனி சிரிக்கவில்லை.
அடியில் இருந்த நம்பரைக் குறித்துக்கொண்டாள்.
"சட்டத்துல இதுக்கு இடமில்லை" என்று சொல்லிவிட்டுப்
பழசை என் பக்கம் தள்ளினாள்.
புதுசையும்.
ஏதாவது போட வேண்டுமே என்பதுபோல்
கைக்கடிகாரத்தின் தலையில் வரி போட்டாள்.
கட்டினேன். ரசீதை மடித்தேன்.
என்னிடம் சீட்டுள்ள ஒரே பொருள் இப்போது அதுதான்.

நீலாம்பூர் தாண்டி,
போன் மறுபடி கண்ணை மூடப் போக,
பைக்குள் கை விட்டேன்.
வெள்ளை ஒயர். என்னுடையது இல்லை.
பிளக்கில் பேனாவால் ஜெ.க. என்று எழுதியிருந்தது.

யாரிடமும் சொல்லாமல், யாருக்கும் காட்டாமல்
கடத்தி வந்திருக்கிறேன்.

"வண்டியைத் திருப்பட்டுங்களா?" என்றார் டாக்சிக்காரர்.
அவிநாசி ரோட்டில் லேசாக வெளுத்திருந்தது.
ஒயரை முன்சீட்டுப் பக்கம் நீட்டிச் செருகச் சொன்னேன்.
"பதினெட்டு சதவீதம் ஏறட்டுங்க,
அப்பறம் சொல்றன்."