ஏழாம் மாதம்

கிளினிக் கொப்பியில்
ஏழாம் மாதத்தை எலி தின்றிருந்தது.
ஆறில் ஆறு கிலோ எண்ணூறு.
எட்டு இன்னும் நிறுக்கவில்லை.
நடுவே பல்லடையாளத்தோடு ஒரு ஓட்டை,
அதற்குள்ளால் பார்த்தால்
என் பெருவிரல்.

வெட்டுமெசின் வயலை விட்டுப் போன கிழமையே
அதுகள் வந்துவிட்டன.
பனங்காட்டில் எல்லா வீட்டுக்கும்தான் வந்தன.
ஆனால் எல்லா வீட்டிலும்
பிள்ளை படுக்கிற அறையில் நெல் இல்லை.
விலை ஏறட்டும் என்றார் புவிதரன்.
இருபத்திரண்டு மூடை,
தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி.
விலை ஏறவில்லை.
எலி ஏறியது.

பக்கத்து வளவுப் பூனை வந்து
பால்மாக் கிண்ணத்தை நக்கிவிட்டுப் போனது.
பொறியில் கருவாடு கொளுவி வைத்தோம்,
விடிய வினுஜாவின் விரல் அகப்பட்டது.
நாலு வயசு.
"எலி வர முந்தி எடுத்து வைப்பமெண்டு" என்றாள்
அழுகைக்கு நடுவே.

பிறகுதான் அக்கரைப்பற்றுக்குப் போனேன்.
இல்யாஸ் நானா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
எண்ணித் தந்தார்.
பச்சைக் கட்டிகள், எட்டு.
"இனிப்பு வாசம் புள்ள, எலி விடாது."
இனிப்பென்றால் எலி மட்டுமா விடாது?
கேட்கவில்லை.
காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிள்ளைகள் உறங்கியபின் வைப்பது,
எழும்ப முந்தி பொறுக்குவது.
மூன்றாம் நாள் விடிய எண்ணினேன்.
ஏழு.
திரும்ப எண்ணினேன்.
ஏழு.

கபிஷன் அப்போதுதான் தவழத் தொடங்கியவன்,
நிலத்தில் கிடப்பதெல்லாம் அவனுக்குச் சாப்பாடு.
வாயைப் பிளந்து விரலை விட்டேன்.
கடித்தான், இருக்கிற இரண்டு பல்லாலும்.
நாக்கில் பச்சை இல்லை.
உள்ளங்கையில் இல்லை.
பெரியவளை உலுப்பி எழுப்பினேன்.
"எடுத்தியா?"
"என்னத்த?"
"பச்சையா, டொபி மாதிரி..."
சொன்ன பிறகு
என் நாக்கை நானே கடித்தேன்.
"டொபியா? எங்க?"

மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணியபடி
வாசலில் நின்றார் புவிதரன்.
"ஆசுபத்திரிக்கு ஏறு" என்றார்.
நான் மூடைகளை இழுத்துக்கொண்டிருந்தேன்.
எங்கிருந்து வந்ததோ அந்தப் பலம்.
பதினேழாவது மூடைக்குப் பின்னால்
கூடு.

சாக்கு நார்.
வினுஜாவின் ஒற்றைச் சொக்ஸ்.
ஊதா மையோடு தூள்தூளாய்
ஏழாம் மாதம்.
அதன்மேல் எட்டாவது கட்டி,
பல் படாமல்.
பக்கத்தில் கண் திறக்காத ஐந்து,
கபிஷன் பிறந்தன்று இருந்த நிறத்தில்.

தாய் கொண்டுவந்து வைத்திருக்கிறது.
தின்னவில்லை. ஏனென்று தெரியாது.
எனக்கு முதலில் வந்தது நன்றி.
அருவருப்பு பிறகுதான் வந்தது,
கோபம் அதற்கும் பிறகு.

மண்வெட்டியில் அள்ளிக்கொண்டு
தில்லையாற்றுப் பக்கம் போனார்.
வந்து சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.
"என்ட சொக்ஸ்?" என்றாள் வினுஜா.

நெல்லை அன்றைக்கே கொடுத்தோம்,
கேட்ட விலைக்கு.
குளோரின் போட்டு அறையைக் கழுவினேன்.
மூன்று இரவு
வெறும் சுவரோரம் ஒன்று வந்து சுற்றியது.
மணந்து மணந்து
அந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தது.
மூன்றாம் இரவு டோர்ச் அடித்தேன்.
ஓடாமல் நின்று பார்த்தது.
என் கை தவறவில்லை.

பாலுக்கு அழுத கபிஷனைத் தூக்க முந்தி
இரண்டு தரம் சவர்க்காரம் போட்டேன்.
மூன்றாம் தரமும் போட்டேன்.

கிளினிக்கில் மிஸ்
கொப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்தா.
"இதென்ன புள்ள?"
"எலி, மிஸ்."
நிறுத்தா. ஏழு கிலோ அறுநூறு.
"வளர்ந்திருக்கான்" என்றபடி
ஆறிலிருந்து எட்டுக்குக் கோடு இழுத்தா.
ஓட்டைக்கு வந்தும் பேனை நிற்கவில்லை,
கொஞ்சத் தூரம்
மேசையில் எழுதிற்று.