பொதியில் இரண்டுதான்

சுங்கத்தில் இருந்த பெண் கேட்டாள்,
"இதென்ன, நகையா?"
பஞ்சில் சுற்றிய இரண்டு கறுத்த கம்பிகள்,
என் சுண்டுவிரல் நீளம்.
என்ஜினுக்குள் போடுவது என்றேன்.
எந்த வாகனம்?
சொன்னேன். அவளுடைய பட்டியலில் அப்படியொன்று இல்லை.
"உதிரிப்பாகம், ஏனையவை" என்று எழுதி
சீலின் விலைக்கு மேலே வரி போட்டாள்.

மூன்று வேண்டும்.
மூன்று மூலை ரோட்டருக்கு மூலைக்கு ஒன்று.
ஹம்பர்க்கிலிருந்து அந்த மனுசன் துண்டு வைத்திருந்தான்:
என்னிடம் மிஞ்சியது இவ்வளவுதான்,
மூன்றாவதை நானே போட்டு உடைத்துவிட்டேன்,
பாதிக் காசைத் திருப்பி அனுப்புகிறேன்.
அனுப்பவில்லை.

கொட்டாஞ்சேனையில் நான் பல் கட்டுகிறவள்.
பகலில் பிறர் வாய்க்குப் பொருத்தம் பார்ப்பேன்.
கடிச்சுப் பாருங்கோ, உயரமா, காணுமா.
இரவில் அதே விளக்கைக் கழற்றிக்கொண்டுபோய்
பின்னறையில் சுசூகியின் வாயைத் திறப்பேன்.

பிஸ்டன் இல்லாத மோட்டார் சைக்கிள்.
வாங்கிய அன்று பஞ்சிகாவத்தை முழுக்கச் சிரித்தது.
விமலதாச முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.
"நோனா, இதுக்குச் சாமான் கேட்டு
என்ட கடைக்கு வர வேணாம்."
கிழமைக்கு ஒருமுறை போனேன்.

உள்ளே, இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவச் சுவர்.
சீல் துள்ளித் துள்ளி ஓடிய இடமெல்லாம் வரி,
வெள்ளவத்தையில் அலை இழுத்துவிட்டுப் போன மணல் மாதிரி.
கண்ணுக்குத் தெரியாது. நகத்தால் தடவ வேண்டும்.
நகம் தடக்கினால் அந்தச் சுவர் கழிவு.
தடக்கியது, ஒரே ஓர் இடத்தில்.
அந்த இடத்தை நான் ஜுனைத்துக்கும் சொல்லவில்லை.

விமலதாசவே ஒருநாள் கூப்பிட்டுக் கொடுத்தார்,
மைலோ டின்னின் அடியில் கிடந்த மஸ்டா காரின் சீல் ஒன்று.
நீளம் கூட, தடிப்பும் கூட.
"வராதீங்கன்னு சொன்னது நெனவிருக்கா" என்றார்.
தேத்தண்ணியும் தந்தார்.

கொம்பனித்தெருவில் ஜுனைத்தின் கிரைண்டிங் மெஷின்.
மின்வெட்டுக் காலம்.
கல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகும்,
அது தானாய் ஓய்ந்து நிற்கும்வரை
இருட்டில் இருவரும் பேசமாட்டோம்.
மூன்று நாள்.
ஒவ்வொரு முறையும் மயிரின் பாதியில் பாதி.
கூலி எவ்வளவு என்றேன்.
வாயைத் திறந்து காட்டினார், மேல்வரிசை, கடைவாய், ஓட்டை.
அச்செடுத்தேன்.
அவருக்குப் பல்லும் எனக்குச் சீலும்
ஒரே வெள்ளிக்கிழமை பொருந்தின.

தண்ணீர் கசியாமலிருக்க
குவாரி ரோட்டில் அடிக்கணக்கில் ரப்பர் வாங்கினேன்.
சின்னச் சீல்கள், அதைவிடச் சின்ன ஸ்பிரிங்குகள்.
ஒன்று தெறித்து மேசைக்கு அடியில் போய்
ஒரு முழு இரவைத் தின்றது.
வாசலின் பூசி ஒட்டவைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடினேன்.

மூடிய அன்று ஊரில் பெற்றோல் இல்லை.
ஆமர் வீதியில் தொடங்கிய வரிசை
எங்கள் ஒழுங்கை முனைக்கு வந்து
கோயிலடிப் பக்கம் திரும்பியிருந்தது.
லீட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் வண்டியை வைத்துக்கொண்டு
ஆரிடம் போய்க் கேட்பது?

ஜுனைத் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டினார்.
பிளக்கைக் கழற்றி
அந்த ஓட்டையில் உள்ளங்கையை வைத்தேன்.
மெதுவாய், என்றேன். மிதித்தார்.

புஸ், கை நடுவில், இறுக்கமாய்.
புஸ். அதே அளவு. ஹம்பர்க் இரண்டும் நல்ல சரக்கு.

பிறகு வர வேண்டியது.
ஒழுங்கையில் ஆரோ வெற்றுக் கலனைத்
தரையில் உதைத்துக்கொண்டு போனார்கள்.
உள்ளங்கையில் ஏதோ பட்டது,
காற்றோ, என் நாடித் துடிப்போ.

"வந்துச்சா?" என்றார் ஜுனைத்,
புதுப் பல்லை நாக்கால் தடவியபடி.

இன்னொருக்கா மிதியுங்கோ.