அறுபத்தெட்டு விழுக்காடு

இரவு இரண்டே கால். மடிப்பாக்கம், மூன்றாவது மாடி.
கடலுக்கு அடியிலிருந்து ஒரு கிணறு
என் மடிக்கணினிக்கு வந்துகொண்டிருக்கிறது,
அரை அடி அரை அடியாக.

கம்பியின் நுனியில் கட்டி இறக்கிய கருவி
சேற்றுக்குள், நூற்று இருபது டிகிரிச் சூட்டில்,
கீழே போகும்போது பெரிதாக ஒன்றும் சொல்லாது.
மேலே இழுக்கும்போதுதான் பேசும்.

முதல் கோடு காமா.
வலப்பக்கம் ஏறினால் களிப்பாறை, இடப்பக்கம் இறங்கினால் மணல்.
இரண்டாயிரத்து நூற்று நாற்பதாவது மீட்டரில்
பஸ்ஸுக்கு வழிவிடும் ஆட்டோ மாதிரி
சட்டென்று இடப்பக்கம் ஒதுங்குகிறது.
பதினோரு மீட்டர் மணற்பாறை.
ரிக்கிலிருந்து கிளெமென்ட்: "அக்கா, பாத்தீங்களா?"

பார்த்தேன்.
அடுத்த கோடு மின்தடை.
(எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்.
ஒன்றரை மணியிலிருந்து அதுவும் நடக்கிறது.)
உப்புநீர் மின்சாரத்தைப் போகவிடும். எண்ணெய் விடாது.
இவ்வளவுதான் தொழில்.
மீதியெல்லாம் சந்தேகம்:
கிணறு எங்கே சரிந்து அகன்றது,
அங்கே சுவரைத் தொடாமலே கருவி
என்ன பொய் சொன்னது,
மணலோடு களி எவ்வளவு கலந்திருக்கிறது.

நுண்துளை இருபத்திரண்டு விழுக்காடு.
வீடு விசாலம்தான்.
குடியிருப்பது யார்?

கணக்குப் போட்டேன். நீர்ச்செறிவு அறுபத்தெட்டு.
உப்பின் அளவை மாற்றிப் போட்டேன். அறுபத்தைந்து.
அடுக்கெண்ணைப் பத்தில் இரண்டு குறைத்தால்
ஐம்பத்தெட்டுக்கு இறங்கிவிடும், தெரியும்.
யாரும் கேட்கப்போவதில்லை. அதுவும் தெரியும்.
கொஞ்ச நேரம் அந்த எண்ணின் மேல்
விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் செயலாளர் வரதராஜுலு
வாசலில் மறித்தார்.
"பூமிக்குள்ள பாக்கறவங்களாச்சே நீங்க,
எங்க போர் போடலாம், சொல்லுங்களேன்?"
என் பாறைகள் ரொம்ப ஆழத்தில் என்றேன்.
நம்பவில்லை. உள்ளங்கையில் தேங்காயோடு
ஒருவரை வரவழைத்தார்.
டிரான்ஸ்ஃபார்மர் ஓரம் தேங்காய் எழுந்து நின்றது.
முந்நூற்று நாற்பது அடி. புழுதி.
மொட்டைமாடித் துணியெல்லாம் சாம்பல் நிறம்.

பேட்டரி ஒன்பது விழுக்காடு.
எண்ணை முன்பிருந்தபடியே விட்டேன்.
கிளெமென்ட்டுக்கு எழுதினேன்:
குழாய் இறக்க வேண்டாம். தண்ணீர்.

நீல டிக் விழுந்தது.
நெடுநேரம் 'டைப்பிங்' என்று காட்டியது.
பிறகு: "வெறும் தண்ணியா அக்கா?"

தெருமுனையில் லாரி ஹாரன்.
கீழே ஏற்கெனவே குடங்கள் உரசும் ஓசை,
யாரோ யாரையோ தள்ளாதே என்கிறார்கள்.
பதில் எழுதவில்லை.
லிஃப்ட் ஓடாது.
பச்சைக் குடம் ஒன்று, ஆரஞ்சு ஒன்று.
நாலு நடை.